ஒன்பதாவது ஊசி

கழுத்துக் காயம் மூடிவிட்டது. கட்டு அவிழ்த்து இன்றைக்கு இருபது நாள். மூன்று மாதம் கழித்து வந்து காட்டும்படி டொக்டர் சொல்லியிருக்கிறார். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் "என்ன நானா நடந்தது?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்கிறார்கள். நீளமாகப் பேச எனக்கு இப்போது ஏலாது. இடப் பக்கக் கன்னம் இறுகிப்போய், வாய் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் திறக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். கேட்கிறவர்கள் வாசித்துக்கொள்ளட்டும், என்னைச் சும்மா விடட்டும்.

நான் தையல்காரன். கண்டி கொழும்பு வீதியில் வாப்பா போட்ட கடை. துரைமாரின் வெள்ளை ட்ரில் கோட்டு, வழக்குப் பேசுகிற பிறக்கிராசிமாரின் கறுப்புக் கோட்டு, பன்வில தோட்டத்துக் கணக்கப்பிள்ளைமாரின் காக்கிக் கோட்டு என்று கோட்டுத்தான் எங்கள் பிழைப்பு. தேயிலை விலை விழுந்த பிறகு துரைமார் பழைய கோட்டையே திருப்பித் தைத்துப் போடத் தொடங்கினார்கள். அதற்கும் என்னிடம்தான் வருவார்கள்.

பதினாறு வயதிலிருந்து வெற்றிலை போடுகிறேன், புகையிலையோடு. இந்த ஊரில் போடாதவன் யார்? ஆனால் தையல்காரன் போடுகிற விதம் வேறு. மடியில் வெள்ளைத் துணி கிடக்கிறபோது நினைத்த நேரத்தில் எழும்பிப் போய்த் துப்ப முடியாது. ஒரு சொட்டுச் சிவப்பு விழுந்தால் துணி போச்சு. ஆகவே சப்பி முடித்ததை இடக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொள்வேன், ஒரு கோட்டுக் கை தைத்து முடியும் வரை. சில நாள் அது காலையிலிருந்து மதியம் லுஹர் தொழுகை வரை அங்கேயே கிடக்கும். அப்படி முப்பது வருடம். வாயின் வலப் பக்கத்தில் இன்றைக்கும் ஒரு குறையுமில்லை என்பதை டொக்டர் கண்ணாடி வைத்துக் காட்டினார்.

முதலில் வெள்ளையாக ஒரு தடிப்பு வந்தது. சுண்ணாம்பு பட்டதாக நினைத்தேன். பிறகு அது புண்ணானது. அம்பிட்டியவில் ஒரு வெதமாத்தயா, சிங்கள நாட்டு வைத்தியர், கொடுத்த எண்ணெயைக் கொப்பளித்தேன், ஒரு மாதம். புண் வலிக்கவில்லை, அதுதான் என்னை ஏமாற்றியது. என் மனைவி ஆயிஷாதான் பிடிவாதமாக நின்றாள். "வலிக்காத புண்ணு நல்ல புண்ணா? மகள்ட வாப்பா, ஆஸ்பத்திரிக்கு நடங்க" என்றாள். கடைசியில் நடந்தேன்.

வெளிநோயாளர் வாங்கில் மூன்று காலைகள் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் ஒரு டொக்டர் என் கன்னத்தைப் புரட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்து மனிதர், ஒல்லியானவர், சிரிப்பு அதிகம் இல்லை. சிறிய கத்தியால் ஒரு துணுக்குச் சதை எடுத்துக் குப்பியில் போட்டு, பூதக்கண்ணாடியில் பார்க்கக் கொழும்புக்கு அனுப்பினார். பதில் வரப் பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளும் நான் ஒரு கோட்டுக்கூட வெட்டவில்லை. வெட்டினால் அளவு பிழைக்கும் என்று கைக்குத் தெரிந்திருந்தது.

"கான்சர்தான் நானா. புற்று எண்டு சொல்லுறது" என்றார் டொக்டர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

"உடம்பில சதை தேயத் தேயப் புதுசா வளரும். வளர்ந்து, போதுமெண்டு நிக்கும். உங்கட கன்னத்தில ஒரு இடத்துச் சதைக்கு அந்த நிறுத்தம் இல்லாமப் போச்சு. அது பக்கத்துச் சதைக்குள்ள இறங்கும். அதைவிட மோசம், அதிலயிருந்து துகள் கழண்டு ஓடும். இரத்தம் ஓடுற மாதிரி, உடம்பில தெளிஞ்ச நீர் ஒண்டும் மெல்லிய குழாய்களில ஓடுது. அந்த வழியில தாடைக்குக் கீழ கணுக் கணுவா சல்லடை இருக்கு. காலில புண் வந்தா அரையில நெறி கட்டுமே, அது அந்தச் சல்லடைதான். கன்னத்துப் புற்று முதல்ல கழுத்துச் சல்லடையில போய் மாட்டும். அதையும் தாண்டினா நெஞ்சுக்குப் போகும், எலும்புக்குப் போகும். பிறகு நாங்கள் கத்தியோட பின்னால ஓட ஏலாது."

"கழுத்துக்கு வந்தீக்குதா?" என்று கேட்டேன்.

தாடைக்குக் கீழே விரல்களால் வெகுநேரம் அழுத்திப் பார்த்தார். "இப்ப ஒண்டும் தட்டுப்படேல்ல" என்றார். அன்றிலிருந்து என் வாழ்க்கை அந்த ஒரு கேள்வியில் தொங்கியது. கழுத்துக்கு வந்துவிட்டதா, இல்லையா? விழித்தவுடன் தாடைக்குக் கீழே தடவிப் பார்ப்பேன். தொழுகைக்கு ஒளுச் செய்யும்போதும் முகம் கழுவுகிற சாட்டில் தடவுவேன்.

மருந்து ரேடியம் என்றார்கள். அது ஓர் உலோகமாம். கண்ணுக்குத் தெரியாத கதிர் அதிலிருந்து எந்நேரமும் வந்துகொண்டே இருக்குமாம். அவசரமாக வளருகிற சதையை அந்தக் கதிர் முதலில் சாகடிக்கும். நல்ல சதையும் வெந்துபோகும், ஆனால் பொறுத்திருந்து ஆறிவிடும். அந்த உலோகத்தை ஊசிக்குள் அடைத்து, ஊசியைப் புண்ணைச் சுற்றிச் சதைக்குள் சொருகி, ஏழு நாள் விட்டு வைப்பார்கள். டொக்டர் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். வாழ்நாள் முழுக்க நான் ஊசியைத் துணிக்குள் குத்தினேன், இப்போது ஊசி என்னைக் குத்த வருகிறது.

ஊசிகள் கொழும்பிலிருந்து ரயிலில் வந்தன, ஈயப் பெட்டிக்குள், ஒரு கம்பவுண்டரின் காவலில். மயக்கம் கொடுத்துச் சொருகினார்கள். ஒன்பது ஊசி. ஒவ்வொன்றின் காதிலும் ஒரு பட்டு நூல். ஒன்பது நூலையும் வாய்க்கு வெளியே இழுத்துக் கன்னத்தில் பிளாஸ்டரால் ஒட்டியிருந்தார்கள். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் தாதி, மிஸ்ஸி என்போம், வந்து நூலை எண்ணுவாள். சிங்களப் பெண், தமிழ் கொஞ்சம் பேசுவாள். "நானா, வாய் தொறக்க வேணாம். நான் எண்ணுறது மட்டும்" என்பாள். என்னைத் தனி அறையில் போட்டார்கள். கட்டிலிலிருந்து தள்ளி, தரையில் சோக்கட்டியால் ஒரு கோடு. பார்க்க வருகிறவர்கள் அந்தக் கோட்டுக்கு இப்பால் வரக்கூடாது. அதிக நேரம் நிற்கவும் கூடாது. கதிர் அவர்களுக்கும் படுமாம்.

எனக்கும் சட்டம் போட்டார்கள். பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, அழக்கூடாது. கன்னம் விரிந்தால் ஊசி இடம் மாறும். "அழுறதெண்டா ஏழு நாளைக்குப் பிறகு அழலாம்" என்றார் டொக்டர். என் மகள் தன்னுடைய பள்ளிக்கூட சிலேட்டைக் கொடுத்து அனுப்பினாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதில்தான் எழுதினேன். ஆயிஷா கஞ்சி காய்ச்சி, மல்மல் துணியில் இரண்டு தரம் வடித்துக் கொண்டுவருவாள். மூக்கு வைத்த பீங்கான் கோப்பையால் மிஸ்ஸி அதை ஊற்றுவாள். உப்புப் பட்டால் உயிர் போகும். ஆயிஷா தரையிலிருந்த கோட்டுக்கு அப்பால் நின்றுகொண்டு, நான் விழுங்குகிற ஒவ்வொரு மிடற்றுக்கும் தானும் விழுங்குவாள்.

என் தம்பி நசீருக்குக் கடுகண்ணாவையில் சில்லறைக் கடை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ரயிலேறி வருவான். மூன்றாம் நாள் பின்னேரம் நல்ல மழை. அறைக்குள் ஈரக் குளிர். வலிக்குக் கொடுத்த மருந்தில் நான் அரைத் தூக்கத்தில் கிடந்தேன். நான் நடுங்குவதைப் பார்த்து நசீர் தரையிலிருந்த கோட்டைத் தாண்டி வந்தான். தன்னுடைய கம்பளிக் கோட்டைக் கழற்றி என் நெஞ்சில் போர்த்திவிட்டு, திரும்பிப் போய்ச் சோக்கட்டிக் கோட்டுக்கு அப்பால் குந்திக்கொண்டான். அந்தக் கோட்டு நான் தைத்ததுதான். வெளியே போகும் நேரம் வந்ததும் எடுத்துப் போட்டுக்கொண்டு ரயிலுக்கு ஓடினான். அவன் போனது எனக்குத் தெரியாது.

மாலையில் மிஸ்ஸி எண்ணினாள். பிறகு இன்னொரு தரம் எண்ணினாள். பிளாஸ்டர் ஓரம் கிளம்பியிருந்தது. நூல் எட்டுத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. கட்டிலைப் புரட்டினார்கள். தலையணையைக் கிழித்தார்கள். துப்பல் பீங்கானை வடிகட்டினார்கள். கழிவுநீர்ப் பீலி மூடியைத் திறந்து சேற்றைக் கிண்டினார்கள். விழுங்கிவிட்டேன் என்று சந்தேகப்பட்டு, வயிற்றை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். மறுநாள் காலையில் என் மலத்தைக்கூட ஒரு மனிதன் முகம் சுளிக்காமல் கிளறிப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். வெட்கம் ஒரு பக்கம். அந்த ஊசி கடைவாய்க்குப் பின்னால், கழுத்துக்கு இறங்குகிற வழியில் காவல் நின்ற ஊசி என்பது இன்னொரு பக்கம். அந்த இடம் இப்போது திறந்து கிடக்கிறது. மிஸ்ஸி அழுதுகொண்டே வேலை செய்தாள். பழி தன் தலையில் விழும் என்று பயந்தாள், பாவம்.

மதியம் அவள் என் கன்னத்துக் கட்டை மாற்றினாள். கட்டுத் துணியில் குத்தியிருந்த குண்டூசியைக் கழற்றி, "நானா, இத கொஞ்சம் புடிங்க" என்று என் கையில் தந்தாள். அவள் பஞ்சை எடுத்துத் திரும்புவதற்குள் என் கை அந்தக் குண்டூசியைச் சட்டை நெஞ்சில் குத்திவிட்டது. நான் குத்தவில்லை, கைதான் குத்தியது. தையல்காரன் ஊசியைக் கீழே வைக்கமாட்டான். கடையில் ஊசி விழுந்தால் யார் காலிலாவது ஏறும், இல்லாவிட்டால் துரையின் கோட்டுக்குள் போகும். பத்து வயதில் வாப்பா அடித்துப் பழக்கியது: உதட்டில் பிடித்த ஊசியை எடுத்தால் அடுத்த இடம் நெஞ்சு.

நெஞ்சில் நின்ற குண்டூசியை நான் குனிந்து பார்த்தேன். நேற்றுப் பின்னேரம் என் நெஞ்சில் கிடந்தது என்ன?

சிலேட்டை இழுத்து எழுதினேன்: "தம்பியின் கோட்டு. கடுகண்ணாவை."

டொக்டர் தானே காரை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் திரும்பி வரும் வரைக்கும் நான் உயிரோடு இருந்தேன் என்று சொல்ல முடியாது. நசீருடைய சின்ன மகளுக்கு மூன்று வயது. வாப்பாவின் நெஞ்சில் தலை வைத்துத்தான் தூங்குவாள். அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

ஊசி இருந்தது. கோட்டின் இடப் பக்க மடிப்பில், துணிக்குள் நேராக, ஒழுங்காக, நான் எப்போதும் குத்துகிற இடத்தில். அரைத் தூக்கத்தில் என் கையே அதை வாயிலிருந்து உருவிக் குத்தியிருக்கிறது. நூல் வெளியே தொங்கியிருக்கிறது. நசீர் அதைக் கண்டிருக்கிறான். ஆனால் கோட்டில் நூல் தொங்கினால் இழுக்கக்கூடாது, என்னிடம்தான் கொண்டுவர வேண்டும் என்று அவனுக்கு நான் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன். ஆகவே அவன் அதை மடிப்புக்குள் பத்திரமாகச் செருகிவிட்டு, மழைக் குளிருக்குக் கோட்டோடேயே படுத்து, மறுநாள் கடையிலும் அதைப் போட்டுக்கொண்டே நிறுத்துக் கொடுத்திருக்கிறான். பிள்ளைக்கு அன்று மூக்கொழுகுகிற தடிமன் என்று அவள் உம்மாவிடம் படுத்திருந்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சிலேட்டில் எழுதினேன். கோட்டை வீட்டுக்குள் எடுக்க நசீருடைய மனைவி விடவில்லை, கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள்.

ஊசியைத் திரும்பச் சொருகினார்கள். பெட்டி கொழும்புக்குத் திரும்ப வேண்டிய நாளைத் தள்ளிப்போட டொக்டர் தந்தியடித்துக் கேட்டார். ஒரு நாள் கிடைத்தது.

"விட்டுப்போன நேரத்துக்கு இந்த ஒரு நாள் காணுமா டொக்டர்?" என்று எழுதிக் காட்டினேன்.

"பாப்பம்" என்றார்.

ஊசியைக் கழற்றின பிறகுதான் எரிவு தொடங்கியது. இரண்டாம் கிழமை கன்னம் உள்ளே சிவந்து, மூன்றாம் கிழமை வெள்ளைத் தோலாக உரிந்தது. எச்சில் விழுங்குவதே ஒரு வேலையாகிவிட்டது. வீட்டில் கட்டிலில் கிடந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஆயிஷா பொறுத்தாள். ஒரு நாள் நசீர் தெம்பிலி இளநீர் வெட்டிக்கொண்டு வந்து, "கொஞ்சம் பொறுங்க நானா, ஆறிடும்" என்றான். கோப்பையைத் தட்டிவிட்டேன்.

"ஒனக்கென்ன தெரியும் இந்த எரிவு? கதிரையில குந்திக்கிட்டுப் பொறுங்க பொறுங்கன்னு சொல்றது லேசு."

"சரி நானா" என்றான். தெம்பிலித் தண்ணீரைத் துடைத்துவிட்டுப் போனான். அன்று அவன் நெஞ்சை மூடி ஒரு சால்வை போட்டிருந்தான். குளிர் என்று நினைத்தேன்.

கன்னம் ஆறியது. புண் போய், அந்த இடத்தில் வழுவழுப்பான தழும்பு வந்தது. மூன்றாம் மாதம் ஒரு காலை, தாடைக்குக் கீழே தடவியபோது விரலில் தட்டுப்பட்டது. துணிக்கு அடியில் கிடக்கும் முடிச்சை இருட்டிலும் கண்டுபிடிக்கிற விரல் இது; பிழைக்காது. பயற்றங்காயின் ஒரு விதை அளவு. ஆயிஷாவிடம் சொல்லாமல் கடையில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவு களைப்பாக இருந்தது. பயத்தைவிடக் களைப்புத்தான் பெரிதாக இருந்தது. திரும்பவும் அந்த வாங்கு, அந்தப் பீங்கான் கோப்பை, அந்த வாசம்.

"நெறி கட்டியிருக்கு. கழுத்தை வெட்டி அந்தச் சல்லடை முழுவதையும் எடுக்கோணும்" என்றார் டொக்டர்.

"அந்த ஊசி ஒரு நாள் இல்லாமப் போனதாலயா?"

"ஊசி வாறதுக்கு முதலே அந்தத் துகள் கழண்டு போயிருக்கும். அப்பிடித்தான் நான் நினைக்கிறன். நீங்களும் அப்பிடியே நினையுங்கோ" என்றார்.

வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் கட்டிலிலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் நசீர் வந்து பக்கத்தில் குந்தினான்.

"அறுக்க விடுங்க நானா. அவங்கட வைத்தியம் பொய்யில்ல. எரியுது, சீழ் வைக்குது, பொறகு ஓரத்துலேந்து ஆறிக்கிட்டு வருது. நான் பாத்தீக்கிறன்."

"எங்க பாத்தாய்?"

"ஆஸ்பத்திரியில" என்றான்.

அவனுக்காகத்தான் போனேன். காதுக்குக் கீழேயிருந்து தோள் எலும்பு வரை வெட்டினார்கள். எடுத்த கணுக்களைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். மறுபடியும் பதினைந்து நாள். மேலே இருந்த ஒரு கணுவில் மட்டும் புற்று இருந்தது. அதற்குக் கீழே இருந்தவை எல்லாம் சுத்தம். சல்லடை பிடித்து வைத்திருந்ததாம். டொக்டர் அன்றுதான் முதல் முறையாகச் சிரித்தார். "இனி வராதெண்டு எழுதித் தர மாட்டன். ஆனா இப்ப இல்ல" என்றார். எனக்கு அது போதும். அதற்கு மேல் சந்தோஷப்பட உடம்பில் தெம்பு இல்லை.

கழுத்துத் தையலைக் கண்ணாடியில் பார்த்தேன். நெருக்கமான தையல். எனக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கடையைத் திறந்தேன். முதல் வேலை நசீருக்கு ஒரு கோட்டு என்று முன்பே முடிவு செய்திருந்தேன். வரச் சொன்னேன். வந்தவன் கதவோரமாகவே நின்றான்.

"அளவு எதுக்கு நானா? பழைய அளவுலயே தைங்க. நான் மாறல்ல."

"வா இங்க. அளவெடுக்காம நான் யாருக்கும் தச்சதில்ல."

டேப்பை முதுகால் சுற்றி நெஞ்சுக்குக் கொண்டுவந்தேன். இடப் பக்கம் பட்டதும் அவன் மூச்சை உள்ளே இழுத்தான். நான் டேப்பை விட்டுவிட்டு அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். அவன் என் கையைப் பிடித்தான், பிறகு விட்டுவிட்டான்.

நெஞ்சில் ஒரு சிறிய பஞ்சுக் கட்டு. அதைத் தூக்கினால், ஐம்பது சதக் காசு அளவில் ஒரு வட்டம். ஓரமெல்லாம் என் கன்னத்தைப் போலவே வெளுத்து வழுவழுப்பாக ஆறியிருந்தது. நடுவில் இன்னும் தோல் மூடவில்லை.

டொக்டருக்குத் தெரியுமாம். என்னைப் பார்க்க வருகிற சாட்டில் ஒவ்வொரு கிழமையும் அவரிடம் மருந்து கட்டிக்கொண்டு போயிருக்கிறான். நான் தெம்பிலியைத் தட்டிவிட்ட அன்று அவனுக்கும் உரிந்துகொண்டிருந்திருக்கிறது.

"ஏன்டா என்னட்ட சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்ற நானா? சொன்னா அழுவீங்க. அழுதா கன்னம் விரியும்னு டொக்டர் சொன்னாரே."

அந்தச் சட்டம் ஏழு நாளைக்குத்தான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலும். நான் வெட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கன்னம் இழுத்தது, கழுத்துத் தையல் வலித்தது, அப்படியும் அழுதேன். நசீர் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கீழே விழுந்த டேப்பை எடுத்துச் சுருட்டி என் கையில் வைத்தான்.

பிறகு மெதுவாக, அந்த இடத்தில் படாமல், அளவெடுத்தேன். முப்பத்தாறு அங்குலம். அவன் சொன்னது சரிதான், மாறவில்லை. கோட்டு வெள்ளிக்கிழமை முடியும். இடப் பக்கம் பை வைக்கவில்லை; உள்ளே மல்மல் துணி கொடுத்திருக்கிறேன்.